பருவம் தவறாமல் வருகிறது, சினை மட்டும் நிற்கவில்லை

கேள்வி: எங்கள் பசு இரண்டாவது கன்று ஈன்று ஆறு மாதமாகிறது. அப்போது நஞ்சுக்கொடி உரிய நேரத்தில் விழவில்லை; வைத்தியம் பார்த்துச் சரியானது. அதன்பின் நான்கு முறை சினை ஊசி போட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் 21-ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வந்துவிடுகிறது. கருப்பையில் மரபணுக் கோளாறு என்கிறார் ஒருவர். விற்றுவிடலாமா?

பதில்: தயவுசெய்து அவசரப்பட்டு விற்காதீர்கள். இரண்டு கன்று ஈன்ற பசுவுக்குக் கருப்பையில் பிறவிக் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் கேள்விப்பட்டது மரபணுக்களின் செயல்பாட்டைப் பற்றியதாக இருக்கும். மரபணு அப்படியேதான் இருக்கும்; எது எப்போது வேலை செய்கிறது என்பதுதான் ஹார்மோன், தீவனம், நோய் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். மாறுவதைச் சரிசெய்ய வழியுண்டு.

ஊசி போட்ட நான்கைந்து நாளில் கரு கருப்பைக்குள் வந்துவிடும். ஆனால் உடனே ஒட்டிக்கொள்ளாது. ஏறக்குறைய 19-ஆம் நாள் வரை உட்சுவர் சுரக்கும் நீரை நம்பியே வளரும். அந்த நீரில் என்னென்ன சத்து சேரும் என்பதை, சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் தூண்டும் கருப்பை மரபணுக்கள்தான் முடிவுசெய்கின்றன. 16-ஆம் நாள் வாக்கில், நூலாக நீண்டுவிட்ட கரு இன்டர்பெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கும். அது உட்சுவரில் ஆக்ஸிடோசின் ஏற்பிக்கான (அந்த ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதத்துக்கான) மரபணுவை அடக்கிவைக்கும். அதனால் சினையைக் கலைக்கும் அளவுக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் சுரக்காது. கரு உருவாகாமல் போனாலோ, அதற்குமுன் இறந்தாலோ, நலிந்து இந்தப் புரதத்தைப் போதிய அளவு சுரக்காவிட்டாலோ, உங்கள் பசுவைப் போல 21-ஆம் நாள் மீண்டும் பருவம் வரும்.

எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த நஞ்சுக்கொடி மேல்தான். பருவத்தில் வடியும் வழும்பு கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் உள்ளே லேசான அழற்சி மாதக்கணக்கில் நீடிக்கலாம். அப்போது அழற்சி மரபணுக்கள் ஓயாமல் இயங்கும். கரு அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். ஈன்றபின் மிகவும் இளைத்துவிட்ட பசுவுக்கு இது இன்னும் மோசமாகும். கறக்கும் பாலுக்கு ஈடான தீவனம் இல்லையென்றால் கருப்பை ஆறுவதே தாமதமாகும். உங்கள் பசுவின் உடல்நிலையையும் நீங்கள் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மரபணுப் பரிசோதனை எதுவும் வேண்டாம். கருப்பை உட்சுவரிலிருந்து செல் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளையணு மிகுந்திருந்தால் அழற்சி உறுதி. அதற்குச் சிகிச்சை முடித்த பிறகே அடுத்த ஊசி. பார்க்காமலே கருப்பைக்குள் மருந்து விடுவதை நான் ஏற்பதில்லை. சில மருந்துகள் உட்சுவரையே புண்ணாக்கிவிடும்.

நேரத்தையும் கவனியுங்கள். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஊசி போடும் நாளில் பாலில் புரோஜெஸ்டிரோன் அளவு பார்க்கும் வசதி கிடைத்தால் விடாதீர்கள். அது அதிகமாக இருந்தால் அன்று பசு உண்மையில் பருவத்தில் இல்லை. ஊசி போடாமல் காத்திருங்கள்.