ஆறு லட்சம் இருக்கிறது, வளைவு கட்டலாமா?

கேள்வி: சென்னையில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் 1998 முதல் 2001 வரை பி.எஸ்ஸி. வேதியியல் படித்தோம். வெள்ளிவிழாச் சந்திப்புக்காக வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்த பணத்தில் செலவு போக ஆறு லட்சம் ரூபாய் மிச்சம். கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்; எதைச் செய்வது என்பதில்தான் சண்டை. பேட்ச் பெயர் பொறித்த முகப்பு வளைவு என்கிறது ஒரு கோஷ்டி. வேதியியலில் முதலிடம் பெறுபவருக்கு வருடாவருடம் தங்க மெடல் என்கிறது இன்னொன்று. நான் ஒரு மருந்து நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இளநிலை மாணவர்கள் விடுமுறையில் ஆய்வு செய்வதற்கு இந்தப் பணத்தைக் கொடுக்கலாமே என்றேன். “பி.எஸ்ஸி. பசங்க என்ன ஆராய்ச்சி பண்ணிடப் போறாங்க?” என்று ஒரு நண்பர் சிரிப்பு எமோஜியோடு போட்டார். உடனே பதினேழு லைக். சார், என் யோசனை தவறா? சரி என்றால் எப்படிச் செய்வது?
– பெயர் வேண்டாம், அம்பத்தூர்

பதில்: உங்கள் யோசனை சரி. அந்தப் பதினேழு பேர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர்கள் படித்த காலத்தில் யாரும் அவர்களை ஆய்வு செய்யச் சொல்லவில்லை. ரெக்கார்டு நோட்டை முடித்துக் கையெழுத்து வாங்கியதோடு சரி.

நண்பருக்கு ஒரு பதிலடி வேண்டுமென்றால் நம் ஊரிலேயே இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோதே, 1929-ல், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் கட்டுரை வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்திருந்தார். பையன் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தான். தான் புத்தகத்தில் படித்த இயற்பியல் அதற்குள் பழசாகிவிட்டது என்று தெரிந்துகொண்டான்.

ஆனால் இந்தக் கதையை குரூப்பில் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள். அதே 1928 கோடையில் சந்திரசேகர் கல்கத்தாவில், சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். ராமன் அவருக்குச் சொந்தச் சித்தப்பா. அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் பெரிய உத்தியோகம். விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வழி, சாப்பாட்டுக்கும் தங்கவும் இடம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் எல்லாம் குடும்பத்திலேயே கிடைத்தன. உங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சித்தப்பா இல்லை. உங்கள் ஆறு லட்சம் பார்க்க வேண்டியது அந்தச் சித்தப்பா வேலையை.

மேதைகள் கதையை இத்தோடு விட்டுவிட்டு, என்னிடம் படித்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த காலம். அவன் வீடு வியாசர்பாடி. சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலை. இட்லிக் கொப்பரையின் ஆவி பட்ட தழும்பு வலது மணிக்கட்டில் இருக்கும். அவன் தெருவில் இருந்த நான்கு போர்வெல்களின் தண்ணீரை எடுத்துவந்து, மழைக்கு முன்னும் பின்னும் கடினத்தன்மை எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டான். சாதாரண இ.டி.டி.ஏ. டைட்ரேஷன்தான்: பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து கரைசலைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று பார்ப்பது. ஒயின் சிவப்பு நீலமாக மாறும் சொட்டில் நிறுத்த வேண்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் மூன்று வாரம் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. ஒரே பாட்டில் தண்ணீர், காலையில் ஒரு கணக்கு, மதியம் ஒரு கணக்கு. ரெக்கார்டு நோட்டாக இருந்தால் பக்கத்துப் பையனைப் பார்த்து ‘சரியான’ எண்ணை எழுதிவிட்டுப் போயிருப்பான். இதில் பார்த்து எழுதப் பக்கத்துப் பையன் இல்லை, விடை எனக்கும் தெரியாது. கடைசியில் ஒருநாள் பியூரெட்டின் அடியில் ஒரு வடிதாளை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது தாள் நனைந்திருந்தது. பியூரெட்டின் திருகு ஒழுகியிருக்கிறது. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் நான் பார்த்ததில்லை. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் நீங்கள். கருவியைச் சந்தேகிக்கத் தெரிந்த ஒருவனுக்கும் தெரியாத ஒருவனுக்கும் சம்பளத்தில் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த ஆய்வு பாதியில் நின்றுபோனது. கல்லூரியில் அதற்கென்று 3,000 ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் முதலில் கையிலிருந்து செலவு செய்து, பிறகு பில் கொடுத்து வாங்க வேண்டும். அவன் கேட்டரிங் காசில் பாட்டிலும் பஃபர் கரைசலும் வாங்கினான். பில்லில் துறையின் பெயர் இல்லை, தன் பெயரில் வாங்கியிருக்கிறான் என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பதினான்கு மாதம் அலைந்தான். நான் கையிலிருந்து கொடுத்தேன், வாங்கவில்லை. இரண்டாவது சுற்று மழைக்குப் பிறகான மாதிரிகளை எடுக்க வேண்டிய வாரத்தில் முகூர்த்த சீசன் வந்தது. போய்விட்டான்.

அதனால் முதல் விதி இது: பணத்தை முன்னால் கொடுங்கள். செலவை ஈடுகட்டுவது என்ற பேச்சே வேண்டாம். சேருகிற அன்றே மாணவரின் வங்கிக் கணக்கில் பாதி, அறிக்கையைக் கொடுத்ததும் மீதி. வேதிப்பொருள், கண்ணாடிச் சாமான்களுக்கான தொகையைத் தனியாகத் துறையிடம் முன்பணமாக வைத்துவிடுங்கள். பாரிமுனைக் கடையில் பில் போடுவது துறையின் பெயரிலேயே நடக்கட்டும்.

இரண்டாவது, உதவித்தொகையை வெட்கப்படாமல் கூலியாகவே கணக்கிடுங்கள். விடுமுறை இரண்டு மாதத்தில் உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் தி.நகர் ஜவுளிக்கடையிலோ உணவு டெலிவரியிலோ என்ன சம்பாதிக்கிறார்கள் என்று நான்கு பேரிடம் விசாரியுங்கள். அதற்குப் பக்கத்திலாவது வர வேண்டும். ‘ஆர்வம் இருந்தால் இலவசமாகச் செய்வான்’ என்று குரூப்பில் யாராவது சொல்வார்கள். இலவசமாகச் செய்யக்கூடியவன் வீட்டில் வசதி உள்ளவன் மட்டும்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1969-ல் இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. மார்கரெட் மக்விகர் என்ற இயற்பியலாளர் ஆரம்பித்தது. அங்கே மாணவர் ஆய்வுக்குப் பாடமதிப்பெண்ணாகவும் வாங்கிக்கொள்ளலாம், சம்பளமாகவும் வாங்கிக்கொள்ளலாம்.

இனி கணக்கு. மெடல் கோஷ்டி, ‘முதலை வங்கியில் போட்டுவிட்டு வட்டியில் நடத்துவோம்’ என்பார்கள். ஆறு லட்சத்துக்கு ஏழு சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 42,000. மாதம் 8,000 வீதம் இரண்டு மாதத்துக்கு 16,000, பொருள்களுக்கு 4,000 என்று ஆளுக்கு 20,000 வைத்தால் இரண்டே பேர். விலைவாசி ஏறுகிற வேகத்தில், பத்து வருடம் கழித்து அதே வட்டி இரண்டு பேருக்குப் போதாது. பழைய கல்லூரிகளின் விழா அழைப்பிதழ்களில் அறக்கட்டளைப் பரிசுகளின் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்தில் கொடுத்த சில நூறு ரூபாயின் வட்டி, இன்று மெடல் வைக்கும் டப்பாவுக்குக்கூடக் காணாது.

நான் சொல்வது, முதலையே செலவழியுங்கள். வருடத்துக்கு ஆறு பேர், 1,20,000 ரூபாய், ஐந்து வருடம். முப்பது பிள்ளைகள். மூன்றாவது வருடம் முடிவதற்குள் அந்தப் பதினெட்டு பேரின் அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பேட்ச்களிடம் கேளுங்கள். கொடுக்க ஆள் இல்லையென்றால் ஐந்தாவது வருடத்தோடு கௌரவமாக மூடிவிடலாம். அதில் ஒரு தப்பும் இல்லை.

யாரைத் தேர்ந்தெடுப்பது? மார்க்கை வைத்து வேண்டாம். பிளஸ் டூவில் போர்டு அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. வருடத்துக்கு 80,000, அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே வைத்தது. மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டமும் இருக்கிறது. நல்ல மதிப்பெண்ணும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள், மே மாதத்து ஆய்வுக்கு முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அந்த வலையில் சிக்காத பிள்ளைகள்தான் உங்கள் ஆட்கள். ஓர் அரியர் இருந்தாலும் பரவாயில்லை என்று விதியிலேயே எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்த ராமானுஜன், எஃப்.ஏ. என்ற அன்றைய இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறாதவர், கையில் பட்டம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உங்களுக்கும் அது போதும்.

விண்ணப்பம் ஒரே பக்கம். தமிழில் எழுதினாலும் சரி. ‘என்ன தெரிந்துகொள்ள ஆசை, அதற்கு முதல் வாரம் என்ன செய்வாய்’ என்ற இரண்டு கேள்விகள். அப்புறம் ஐந்து நிமிடம் நேரில் பேச்சு. தேர்வுக்குழுவில் ஆசிரியர் இருவர், முன்னாள் மாணவர் ஒருவர். தலைப்பு எது என்பதில் முன்னாள் மாணவர்கள் மூக்கை நுழைக்கக் கூடாது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் நிறுவனத்துக்குப் பயன்படும் தலைப்பாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு நாள் தோன்றும்.

வேதியியலுக்கு மட்டும் என்று அடைத்தும் வைக்காதீர்கள். ஒரு வரலாற்று மாணவி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து தன் பகுதியின் பழைய ஏரிகளைத் தேடினால், நகல் எடுக்கும் காசும் போக்குவரத்தும்தான் செலவு. வேதியியலில்தான் கை கடிக்கும். மாதிரியை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்கு அனுப்பினால் மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம், மேலே ஜி.எஸ்.டி. ஆறு பேருக்கும் சேர்த்து அதற்கென ஒரு சிறு தொகையைத் தனியே வைத்தால் சண்டை வராது.

எல்லோரும் மறக்கிற ஒரு விஷயம், வழிகாட்டும் ஆசிரியர். அரசுக் கல்லூரிகளில் வகுப்பெடுப்பவர்களில் பெரும்பங்கு கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு வருடத்தில் பதினோரு மாதம்தான் ஊதியம். மே மாதம் கிடையாது. நீங்கள் ஆய்வு நடத்தச் சொல்வது அதே மே மாதத்தில். அவருக்கு ஒரு சிறு மதிப்பூதியம் வையுங்கள். அதற்காக ஒரு மாணவரைக் குறைத்து ஐந்து பேர் என்றாலும் நான் ஒப்புக்கொள்வேன். வெயிலில் பூட்டியிருக்கும் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவைக்கும் லேப் அசிஸ்டென்டையும் மறக்க வேண்டாம்.

காகித வேலை. பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் வைக்காதீர்கள், மிக நல்லவராக இருந்தாலும். கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் தனித் தலைப்பில் கணக்கு. முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தயங்கமாட்டார், ஏனென்றால் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது முன்னாள் மாணவர் பங்களிப்பு என்ன என்று கேட்டு மதிப்பெண் போடுகிறது. வரிவிலக்கு கிடைக்குமா என்று கேட்பவர்களிடம், புதிய வரிமுறையில் இருந்தால் நன்கொடைக்குக் கழிவு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு தடை மட்டும் கண்டிப்பாக எழுதிவையுங்கள். இந்தப் பணத்திலிருந்து எந்த இதழுக்கும் பிரசுரக் கட்டணம் கட்டக்கூடாது. எந்த நிறுவனத்துக்கும் ‘இன்டர்ன்ஷிப் கட்டணம்’ கட்டக்கூடாது. காசு கட்டினால் மூன்று நாளில் கட்டுரை வரும், ஒரு வாரத்தில் சான்றிதழ் வரும் என்று பிள்ளைகளின் போனுக்கு விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. நல்ல ஆய்வாக அமைந்தால், கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுகளுக்குச் சிறு நிதி தருகிறது. தங்கள் படிப்புக்கு அது பொருந்துமா என்று பார்த்து, ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்கட்டும்.

வளைவுக் கோஷ்டியிடம், அரசு வளாகத்துக்குள் கட்டுமானம் என்றால் பொதுப்பணித் துறையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே களைத்துவிடுவார்கள். மெடல் கோஷ்டிக்கு ஒரு சமாதானம் உண்டு: ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆறு பிள்ளைகளும் துறையில் சார்ட் ஒட்டி நின்று விளக்கட்டும். டீ, சமோசா. பொன்னாடை வேண்டாம்.

அப்புறம் அந்தச் சிரிப்பு எமோஜி நண்பர். அவரையே தேர்வுக்குழுவில் முன்னாள் மாணவர் பிரதிநிதியாகப் போடுங்கள். ‘இதையெல்லாம் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறாய்?’ என்று நேருக்கு நேர் கேட்க ஓர் ஆள் அந்த அறையில் வேண்டும், அவரைவிடப் பொருத்தமானவர் உங்கள் குரூப்பில் இருப்பதாகத் தெரியவில்லை. டிசம்பருக்குள் முதல் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள், மே மாதத்துக்குச் சரியாக இருக்கும்.