பனங்கற்கண்டு சாப்பிட்டாலும் சொத்தை வருமா?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. வீட்டில் வெள்ளைச் சர்க்கரையே கிடையாது. பாலுக்கு நாட்டுச் சர்க்கரை, தோசைக்குத் தேன், இருமலுக்குப் பனங்கற்கண்டுதான். "இதெல்லாம் பல்லை ஒண்ணும் செய்யாது" என்கிறார் மாமியார். ஆனாலும் கடைவாயில் இரண்டு பற்கள் சொத்தை. எந்தச் சர்க்கரைதான் பல்லுக்கு நல்லது?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பங்கு 'சுக்ரோஸ்' என்ற ஒரே வகைச் சர்க்கரைதான். நிறமும் மணமும் மாறலாம். பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வாயில் இருக்கும் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' போன்ற பாக்டீரியாக்கள் எந்தச் சர்க்கரை கிடைத்தாலும் அதை அமிலமாக்கிவிடும். சுக்ரோஸில் கூடுதலாக ஒரு வில்லங்கம் உண்டு. அதைக் கொண்டு அவை பிசின் மாதிரி ஒன்றைத் தயாரித்துப் பல்லில் அப்பிக்கொள்ளும். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான் அதிகம். அதற்காகத் தேன் பல்லுக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. அமிலம் அதிலும் உருவாகும், பல் இடுக்கிலும் ஒட்டும். பாலிலேயே இருக்கும் லாக்டோஸ் இவற்றில் சாது. நாம்தான் அதில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கெடுக்கிறோம்.

எனக்கு உறுத்துவது அந்தப் பனங்கற்கண்டுதான். வாயின் பி.ஹெச். அளவு (அமிலம் கூடினால் இது குறையும்) சுமார் 5.5-க்குக் கீழே போனால், பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துச் சப்பினால், அது கரைந்து முடியும்வரை அந்த அரை மணி நேரக் கணக்கே தொடங்காது. ஸ்வீடனின் விபேஹோம் மருத்துவமனையில் 1940-களில் தொடங்கிய ஓர் ஆய்வில் (இன்றைக்கு யாரும் அனுமதிக்கவே மாட்டார்கள், மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு டாஃபி கொடுத்துப் பார்த்தார்கள்) சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையால் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடையிடையே தின்ற ஒட்டும் மிட்டாயால்தான் எக்கச்சக்கமாகக் கூடியது.

அதனால் மாமியாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாயசமோ அதிரசமோ, மதியச் சாப்பாட்டோடு கொடுக்கட்டும். இருமலுக்கு வெந்நீரே போதும். சிரப் தேவைப்பட்டால் சர்க்கரை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். இரவுப் பாலில் இனிப்பு வேண்டாம். குடித்த பிறகு பல் தேய்த்துவிட்டுத்தான் படுக்கை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும், சொத்தைக்கு அதுதான் வசதி. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு. தேய்த்ததும் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். இந்த வயதில் நீங்களேதான் தேய்த்துவிட வேண்டும்.

"விழப்போற பல்தானே" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. அவற்றுக்குப் பின்னால் 6 வயதையொட்டி நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அது விழுந்து முளைக்கிற பல் இல்லை. சொத்தை ஆழமாகி வலி வருவதற்குள் அடைத்துவிடுங்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாது என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.