பால்வெள்ளை பாலிகார்பனேட் சுவர் ரெண்டரில் சரியாக வர என்ன செய்வது?

கேள்வி: ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் ஒரு பட்டறைக் கட்டடம் வரைந்திருக்கிறேன். மேற்குச் சுவர் முழுக்கப் பால்வெள்ளை பாலிகார்பனேட் ஷீட். மாடலை நிஜம்போன்ற படமாக மாற்றும் (ரெண்டர் செய்யும்) வி-ரேயில் ஓபாசிட்டியை, அதாவது ஒளிபுகாத்தன்மையை, குறைத்தால் பின்னால் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஃப்ராஸ்டட் கிளாஸ் போட்டால் அறை இருண்டுவிடுகிறது, புள்ளிப் புள்ளியாக நாய்ஸ் வேறு. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் ஓபாசிட்டியைப் பழையபடி முழுசாக ஏற்றிவிடுங்கள். விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை நிறுத்திவிட்டு, மீதியை ஒன்றுமே நடக்காததுபோல நேராக விட்டுவிடுவதுதான் அதன் வேலை. கொசுவலைக்கு அது சரி. உங்கள் ஷீட்டில் ஒரு முகத்தில் விழும் வெளிச்சம் உள்ளே சிதறி, மறுமுகத்திலிருந்து எல்லாத் திசையிலும் கிளம்புகிறது. ஒளிகசியும் சுவர் என்பது இதுதான்.

ஃப்ராஸ்டட் கிளாஸில் சிக்கல் வேறு. ஒளிவிலகல் உள்ள பரப்புக்குப் பின்னால் சூரியன் எங்கே என்று ரெண்டர் எஞ்சினால் நேரடியாகக் குறிபார்க்க முடியாது. தற்செயலாகச் சிக்கினால்தான் உண்டு. இருட்டும் நாய்ஸும் அதனால் வருபவை. ‘அஃபெக்ட் ஷேடோஸ்’ டிக் செய்தால் அறை வெளிச்சமாகும். ஆனால் வெயில் சிதறாமல் நேராக உள்ளே வந்து, தரையில் கூர்மையான விளிம்போடு சதுரமாக விழும். பால்வெள்ளைச் சுவருக்குப் பின்னால் அப்படியொரு வெயில் கட்டத்தைப் பார்த்ததுமே படம் பொய் என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது வி-ரேயின் ‘டூ சைடட்’ மெட்டீரியல். பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் என்றால் டிஃப்யூஸையும் (ஒளி சிதறித் திரும்புவது) டிரான்ஸ்லூசென்டையும் (ஒளி சிதறி மறுபக்கம் போவது) மிக்ஸ் செய்யுங்கள்; வேலை ஒன்றுதான். டூ சைடட்டுக்குள் போடும் மெட்டீரியல் சாதாரண வெள்ளை டிஃப்யூஸ். மேலே லேசாக ஒரு பளபளப்பு, பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.58. டிஃப்யூஸ் 0.9, டிரான்ஸ்லூசென்சி 0.5 என்று வைத்தால் ஏறக்குறைய 45 சதவீதம் வெளிச்சம் மறுபக்கம் போகும். ஷீட் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் ‘லைட் டிரான்ஸ்மிஷன்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். அதைப் பார்த்து எண்ணை மாற்றுங்கள், கண்ணால் குத்துமதிப்பாக வேண்டாம். 0 முதல் 255 வரை உள்ள கலர் பிக்கரில் பாதியென்று 128 போட்டால் 0.5 ஆகிவிடாது. திரை நிறங்களுக்கான எஸ்ஆர்ஜிபி அளவில் அது 0.22தான், 0.5 வேண்டுமென்றால் 188.

சுவரைக் கனமில்லாத ஒற்றை ஃபேஸாக (பரப்பாக) வரையுங்கள். 40 மி.மீ. கனத்தோடு பெட்டியாக வரைந்தால் வெளிச்சம் இரண்டு பரப்பைக் கடக்க வேண்டும். 45 சதவீதம் வரவேண்டிய இடத்தில் கால்பங்குதான் வரும். இந்த மெட்டீரியல் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேரின் கோளாறு இதுதான் என்பது என் எண்ணம்.

இனி, பலரும் வரையாமல் விடுவது: ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம். மறைந்துதானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஷீட்டை ஒட்டிய கம்பம் கறுப்புக் கோடாகத் துல்லியமாகத் தெரியும். 5 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தின் நிழல், சூரிய வட்டத்தின் அகலத்தால், விளிம்பில் நாலைந்து சென்டிமீட்டர் கரைந்து விழும். வெயில் இல்லாத நேரத்தில் அதே மரம் காணாமலே போய்விடும். ஷீட்டின் வழியாக நாம் பொருளைப் பார்ப்பதில்லை, அதன்மேல் விழுந்த நிழலைத்தான் பார்க்கிறோம். மாலை வெயிலில் உள்ளிருந்து ஒரு கேமரா வையுங்கள். இதெல்லாம் தானாகவே வரும். ஷீட்டுக்குள் ஓடும் செங்குத்து வரிகளுக்கு ஒரு கோட்டு டெக்ஸ்சரை டிரான்ஸ்லூசென்சியில் மாட்டினால் போதும். எக்ஸ்போஷரை அறையின் இருட்டுக்கு வைத்தால் அந்த வரிகள் வெள்ளையில் எரிந்துபோகும். ஷீட்டைப் பார்த்து வையுங்கள்.

பகலில் வெளிப்புறக் காட்சி எடுத்துவிட்டு, “சுவர் ஒளிரவில்லையே” என்று கேட்காதீர்கள். ஒளிராது. இருட்டான பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் ஒளிரும். யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி அரிய நூல் நூலகத்தை (1963) எடுத்துக்கொள்ளுங்கள். கார்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்தது. சுவரில் சுமார் 32 மி.மீ. கனமுள்ள வெர்மான்ட் மார்பிள் பலகைகள். பகலில் வெளியே வெறும் சாம்பல் கலந்த வெள்ளைக் கல், உள்ளே போனால் தேன் நிறம். அதுபோன்ற கல்லுக்கும் டூ சைடட் ஒத்துவரும். ஆனால் டிரான்ஸ்லூசென்சிக்குப் பின்னாலிருந்து விளக்கடித்து எடுத்த கல்லின் படத்தைப் போடுங்கள். முன்னாலிருந்து எடுத்த படத்தில் உள்ளே ஓடும் ரேகைகள் இருக்காது.

பட்டறைக்குள் எத்தனை லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வரும் என்று யாராவது கேட்டால் இந்த ரெண்டரைக் காட்டிப் பதில் சொல்லாதீர்கள். அந்தக் கணக்குக்கு ரேடியன்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. அதிலுள்ள ‘டிரான்ஸ்’ மெட்டீரியலில் நேராகப் போகும் ஒளியையும் சிதறிப் போகும் ஒளியையும் தனித்தனியாகக் கொடுக்கலாம்.