காலேஜ் மேகசினுக்கு முன் அட்டையை போட்டோஷாப்ல எப்படி டிசைன் பண்றது?

ரெண்டு வாரத்துல அச்சுக்குப் போகணும், முன் அட்டையை போட்டோஷாப்ல பண்ணித் தரச் சொல்லிட்டாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. உங்க டிபார்ட்மெண்ட்ல "கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க" நீங்க ஒருத்தர்தான், அதனால உங்ககிட்ட வந்திருக்கும்னு நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. முன்னாடி பதில் போட்டிருக்கிறவங்க எல்லாரும் எந்த எஃபெக்ட், எந்த டெம்ப்ளேட்னே சொல்லியிருக்காங்க, தமிழ் எழுத்தைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல, அதைப் பாத்துட்டுத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

இப்ப நான் ராயப்பேட்டைல ஒரு பிரஸ்ல ப்ரீ-பிரஸ் வேலை பாக்கிறேன், அதாவது பிளேட் (அச்சுத் தகடு) போடுறதுக்கு முன்னாடி வர்ற ஃபைலைச் சரிபாக்கிற வேலை. அந்தத் தகுதில சொல்லல, 2016-ல சென்னைல ஒரு காலேஜ்ல பி.ஏ. தமிழ் மூணாவது வருஷம் படிச்சப்போ ஆண்டு மலருக்கு அட்டை போட்டு அது அச்சுல கெட்டுப்போனதை மேடைக்குக் கீழ உக்காந்து பாத்தவளா சொல்றேன்.

முதல்ல அளவு. ஏ4 அட்டைன்னா 210-க்கு 297 மில்லிமீட்டர். கட்டிங் போறப்போ பிளேடு கொஞ்சம் இப்படி அப்படி நகரும், அதனால நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டுல போறதுக்குன்னு கூடுதல் ஓரம் விடணும், ஆக 216-க்கு 303. 300 டிபிஐ-ல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வெச்சா, அது 2551-க்கு 3579 பிக்சல். புது ஃபைல் திறக்கும்போதே இதைப் போட்டுடுங்க, கடைசில பெருசு பண்ணிக்கலாம்னு விடாதீங்க. தலைப்பு, லோகோ எதுவும் கட்டிங் ஓரத்துலேருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ள இருக்கட்டும்.

இனி என் கதை. 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு ஏறி வந்தப்போ நாங்க ஜாபர்கான்பேட்டைல குடியிருந்தோம். அதைப் பத்தி விரிவா எழுதப் போறதில்ல, அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். தண்ணி வடிஞ்சு வீட்டுக்குத் திரும்பினப்போ சுவத்துல என் கழுத்து உயரத்துக்கு ஒரு சேத்துக்கோடு இருந்துச்சு. ரூலர் வெச்சு இழுத்த மாதிரி கூடம், சமையல்கட்டு, வெளிச்சுவரு, பக்கத்து வீட்டுச் சுவருன்னு தெரு முழுக்க ஒரே கோடு. அந்த வருஷ மலருக்கு வெள்ளத்தப்போ பசங்க பண்ண வேலையையே கருவா வெக்கலாம்னு முடிவாச்சு, தலைப்பு "கரையேறினோம்". எனக்கு அட்டைக்கு வேற எதுவுமே தோணல, அந்தக் கோடுதான். முன் அட்டை, ஸ்பைன் (புத்தகத்தோட முதுகு), பின் அட்டைன்னு மூணுலயும் சுத்தி ஓடுற ஒரே கோடு, கோட்டுக்கு மேல தலைப்பு. அவ்ளோதான்.

இதை ஒத்துக்க வைக்கிறதுக்கு நான் பட்ட பாடு. அட்டைன்னா காலேஜ் பில்டிங் இருக்கணும், தாளாளர் படம் இருக்கணும், விளக்கு, புத்தகம், பறக்குற புறா எல்லாம் இருக்கணும்னு நினைக்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க, உங்க மேகசின் கமிட்டிலயும் கண்டிப்பா ரெண்டு பேர் இருப்பாங்க. அவங்ககிட்ட வாயால பேசிப் பிரயோஜனம் இல்ல. ரெண்டு மாதிரியும் பண்ணி கலர் பிரிண்ட் எடுத்து டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வைங்க. நான் அப்படித்தான் பண்ணேன், எங்க தமிழ்த்துறைத் தலைவி அம்மா ஒரு நிமிஷம் பாத்துட்டு கோடு போட்டதை எடுத்து தனியா வெச்சாங்க. லோகோ மட்டும் மேல வலது மூலைல வரணும்னாங்க, சரின்னேன்.

கோடு எப்படிப் பண்ணேன்னா, ஃப்ரெண்டோட கேமராவைக் கடன் வாங்கி எங்க வீட்டுச் சுவத்தையே வெயில் நேரா விழாத நேரத்துல எடுத்தேன். போட்டோஷாப்ல அதைக் கருப்பு வெள்ளையாக்கி, லெவல்ஸ்ல சுவரு வெள்ளையாவும் கறை கருப்பாவும் வர்ற மாதிரி இழுத்து, லேயரை மல்டிப்ளைல வெச்சேன். மல்டிப்ளைல வெள்ளை மறைஞ்சிடும், கறை மட்டும் கீழ இருக்கிற கலர் மேல நிக்கும். வேண்டாத இடத்தை அழிப்பானால அழிக்காம மாஸ்க் போட்டு மறைச்சேன், அப்புறம் மனசு மாறினா திரும்ப எடுத்துக்கலாம்ல. இந்த மூணும் தெரிஞ்சாலே நல்ல அட்டை பண்ணிடலாம், நூறு ஃபில்டர் தெரிய வேண்டாம்.

போட்டோ விஷயத்துலதான் முதல் அடி. பசங்க வரிசையா நின்னு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கை மாத்திக் கை மாத்திக் குடுக்கிற ஒரு படம், முகமே இல்லாம கைகள் மட்டும், அதைத்தான் அட்டை முழுக்கப் போட நினைச்சிருந்தேன். அது என்கிட்ட வந்தது வாட்ஸ்அப்ல. 960-க்கு 1280 பிக்சல்தான் இருந்துச்சு. 210 மில்லிமீட்டர் அகலத்துக்கு இழுத்தா அங்குலத்துக்கு 116 பிக்சல்தான் தேறும், அச்சுல புகை மூட்டமா வரும். இமேஜ் சைஸ்ல போய் 300-னு நம்பரை மாத்திட்டா சரியாயிடும்னு ஒரு சீனியர் சொன்னார். ஆகாதுங்க. இல்லாத புள்ளியை அது பக்கத்துல இருக்கிறதை வெச்சு ஊகிச்சு நிரப்பும், அவ்ளோதான். ஒரிஜினலைக் கேட்டா, ஃபோன் தண்ணில போயிடுச்சுன்னான் எடுத்த பையன். ரெண்டு நாள் யோசிச்சிட்டு, 960-ஐ 300-ஆல வகுத்தா 3.2 அங்குலம், அதாவது 8 சென்டிமீட்டர், சரி 8 சென்டிமீட்டர்லயே வெப்போம்னு கோட்டுக்கு மேல சின்னதா வெச்சேன். சுத்தி வெறும் சுண்ணாம்புச் சுவரு கலர். அந்தக் காலி இடம்தான் அட்டையைத் தூக்கி நிறுத்துச்சுன்னு பாத்தவங்க எல்லாருமே சொன்னாங்க, எனக்கும் அதுல இன்னைக்கும் பெருமைதான். நீங்க போட்டோ வாங்கும்போது எடுத்தவங்க ஃபோன்லேருந்து நேரா வாங்குங்க, இல்ல வாட்ஸ்அப்ல டாகுமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

இப்ப தலைப்பு. "கரையேறினோம்"ல ஆறு எழுத்து, அதுல ரை, யே, னோ மூணுலயும் கொம்பு முன்னாடி வரும். எங்க லேப்ல இருந்த பழைய போட்டோஷாப்ல யூனிகோட் தமிழ் அடிச்சா கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி வந்து அடுத்த எழுத்தோட ஒட்டிக்கும், ர தனியா நிக்கும், அதோட கொம்பு ய-வுக்குப் போயிடும். ஏன்னா நாம அடிக்கிறது ர முதல்ல கொம்பு அப்புறம், திரையில வர வேண்டியது கொம்பு முதல்ல ர அப்புறம், அந்த மாத்திப் போடுற வேலையை சாஃப்ட்வேர்தான் செய்யணும், அந்தப் பழைய போட்டோஷாப்புக்கு அது தெரியாது. அதனால பாமினி ஃபாண்ட்ல அடிச்சேன், இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் உருவத்தை வெச்சிருக்கிற பழைய ஃபாண்ட் அது. பாமினில கொம்பை நாமளே முன்னாடி அடிச்சிடுவோம், அதனால அழகா வந்துச்சு. லேயரை அப்படியே எழுத்தாவே விட்டு பிஎஸ்டி ஃபைலைக் குடுத்துட்டேன். நான் பண்ண தப்பு அதுதான், ஒத்துக்கிறேன்.

பிரஸ்ல பாமினி இல்ல. தொடாம விட்டிருந்தா எழுத்து பழைய படமாவே நின்னிருக்கும். ஆனா எங்க ஸ்டாஃப் ஒருத்தர் என்கிட்ட சொல்லாமலே பிரஸ்ஸுக்கு ஃபோன் போட்டு தலைப்பைக் கொஞ்சம் பெருசாக்கச் சொல்லியிருக்கார். லேயரைத் தொட்ட உடனே ஃபாண்ட் மாறி, தமிழ் இருந்த இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா வந்திருக்கு. ஆபரேட்டர் யூனிகோட்ல திரும்ப அடிச்சிருக்கார். அவங்க போட்டோஷாப்லயும் அதே கோளாறு. அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்ப, நம்ம ஆளு ஃபோன்ல பாத்துட்டு "ஓகே, பிரிண்ட்"னு போட்டுட்டார். 1000 காப்பி.

மார்ச் மாசம் ஆண்டு விழாவுல சிறப்பு விருந்தினர் ரிப்பனை அவுத்து மலரைத் தூக்கிக் காட்டினப்போ நான் மூணாவது வரிசைல அம்மாகூட உக்காந்திருந்தேன். எட்டாவது வரைக்கும் படிச்ச எங்கம்மா எதையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. எழுத்துக் கூட்டிட்டு, "ஏண்டி, இது என்ன எழுத்துடி?"ன்னு கேட்டாங்க. எனக்கு அதுக்கு அப்புறம் விழாவுல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இல்ல.

மறுநாள் சுவரு கலர்லயே பட்டையா ஸ்டிக்கர் அடிச்சு, சரியான தலைப்போட, எங்க வகுப்பு வராண்டால உக்காந்து எட்டு பேர் சாயங்காலம் வரைக்கும் ஒட்டினோம். மேடைல போன காப்பியும் விருந்தினர்களுக்குக் குடுத்ததும் போனது போனதுதான். உள்பக்கத்துல வடிவமைப்புன்னு பிரஸ் பேர்தான் இருந்துச்சு, என் பேர் எங்கயும் இல்ல. ஆனா எழுத்து கெட்டதுக்கு மட்டும் ஸ்டாஃப் ரூம்ல என் பேர்தான் அடிபட்டுச்சு. லேப்புக்கு அனுமதி கேட்டுப் போன முதல் நாளே "தமிழ் படிக்கிற பொண்ணுக்கு எதுக்கும்மா போட்டோஷாப்"னு கேட்டவங்களுக்கு அது ரொம்ப வசதியாப் போச்சு. இங்கிலீஷ் தலைப்புல ஒரு ஸ்பெல்லிங் தப்பிருந்தா பிளேட்டையே மாத்தச் சொல்லியிருப்பாங்க, தமிழ்ங்கிறதாலதான் "புரியுதுல்ல, விடும்மா"ன்னாங்க. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது இன்னும் ஆறல.

அதனால இதை மட்டும் கவனமா கேளுங்க. போட்டோஷாப் 2022-லேருந்து இந்தக் கொம்பு மாத்துற வேலைக்கு பிரிஃபரன்சஸ்ல எதுவும் மாத்த வேண்டாம், அதுக்கு முந்தின வெர்ஷன்னா பிரிஃபரன்சஸ் போய் டைப்-ல டெக்ஸ்ட் எஞ்சினை வேர்ல்ட் ரெடி லேஅவுட்டுக்கு மாத்துங்க, இன்னும் பழைய வெர்ஷனா இருந்தா மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும். மாத்தினதுக்கு அப்புறம் புதுசா ஃபைல் திறந்து அடிங்க, முன்னாடியே அடிச்சு வெச்ச லேயர் தானா மாறாது. ஃபாண்டுக்கு கூகுள் ஃபாண்ட்ஸ்ல முக்த மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ், கையெழுத்து மாதிரி வேணும்னா கவிவனார், எல்லாமே இலவசம், எல்லாமே யூனிகோட். தலைப்பு முடிவான உடனே ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு, லேயர்ல ரைட் கிளிக் பண்ணி கன்வர்ட் டு ஷேப் குடுத்துடுங்க. அப்புறம் அது எழுத்து இல்ல, வெறும் உருவம், உலகத்துல எந்த சிஸ்டத்துல திறந்தாலும் மாறாது. பிரஸ்ஸுக்கு பிஎஸ்டி குடுக்காதீங்க, பிடிஎஃப் குடுங்க. பிளேட் போடுறதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போய், பேப்பர்ல ப்ரூஃப் (சோதனைப் பிரதி) எடுத்து, தலைப்பை வாய் விட்டுப் படிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க. ஃபோன்ல பாத்து ஓகே சொல்ற வேலையை யார் சொன்னாலும் ஏத்துக்காதீங்க, ஹெச்ஓடி சொன்னாலும்.

கலர் பத்தி சுருக்கமா. திரைல இருக்கிறது ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி. அச்சுக்கு சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மை. திரைல பளிச்னு இருக்கிற நீலம் அச்சுல ஊதா பக்கம் சாயும், கிளிப்பச்சை மங்கிடும். பாதி வேலைலயே ஒரு தடவை சிஎம்ஒய்கே ப்ரூஃப் கலர்ஸ் ஆன் பண்ணிப் பாத்துட்டா கடைசில அதிர்ச்சி இருக்காது. சின்ன கருப்பு எழுத்து இருந்தா கருப்பு மையில மட்டும் வரட்டும், நாலு மையும் கலந்த கருப்பா இருந்தா பிளேட் ஒரு நூல் நகர்ந்தாலும் எழுத்தோரம் கலர் கலரா தெரியும்.

"அட்டைக்கு கோரல்டிராதான், இன்டிசைன்தான், போட்டோஷாப்ல எழுத்து வெக்கிறதே தப்பு"ன்னு கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும். தினமும் அதுலதான் வேலை பாக்கிறேன், எனக்கும் தெரியும். கேட்டவர்கிட்ட இருக்கிறது போட்டோஷாப், கேட்டதும் அதைப் பத்தித்தான். காசு கட்ட முடியலன்னா கிராக் போடாதீங்க, கிம்ப் இலவசம், தமிழும் அதுல ஒழுங்கா வரும், ஆனா சிஎம்ஒய்கே மாத்துறதை பிரஸ்ல கேட்டுக்கணும்.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாட்டியும் சொல்லிடுறேன். இந்த அட்டையை நீங்க நல்லா பண்ணிட்டீங்கன்னா அதுக்கப்புறம் சொந்தக்காரங்க எல்லாருக்கும் நீங்கதான் டிசைனர். சித்தி வீட்டு மஞ்சள் நீராட்டு பேனர், மாமா தெருவுல யாருக்கோ கண்ணீர் அஞ்சலி, ராத்திரி பதினொரு மணிக்கு "ரெண்டு நிமிஷ வேலைதானேம்மா". வீட்டுக்கு ஏசி பாக்க வர்ற அண்ணனுக்கு விசிட்டிங் சார்ஜை மறுபேச்சில்லாம குடுக்கிறவங்க, நமக்கு ஒரு நன்றி சொல்லவும் யோசிக்கிறாங்க. சாவு வீட்டுக்கு நான் காசு கேக்கல, கேக்கவும் மாட்டேன். மத்ததுக்கு முதல் தடவையே கேட்டுடுங்க. உங்க மேகசின்லயும் வடிவமைப்புன்னு உங்க பேர் வருதான்னு உள்பக்க ப்ரூஃப்லயே பாத்துடுங்க.

என்கிட்ட இருக்கிற காப்பில ஸ்டிக்கரோட இடது ஓரம் தூக்கிட்டு இருக்கு, கீழ பழைய ர தனியா தெரியுது. நான் அதை அழுத்தி ஒட்டல.

உங்க தலைப்பு தமிழா இங்கிலீஷான்னு நீங்க எழுதல. தமிழ்னா கமெண்ட்ல போடுங்க, எந்தெந்த எழுத்துல கொம்பு வருதுன்னு பாத்துட்டு ஒத்து வர்ற ஃபாண்ட்டைச் சொல்றேன்.