பழைய அம்பாசிடரில் வால்வு கவர் கேஸ்கட் ஏன் ஆயில் கசிகிறது?

வால்வுகளை மூடும் தகரக் கவருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கார்க் பட்டைதான் இந்தக் கேஸ்கட். 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் கவரைப் பிடித்திருப்பது மேலே உள்ள இரண்டே நட்டுகள். வருடக்கணக்கான சூட்டில் கார்க் காய்ந்து இறுகிவிடும். குக்கர் கேஸ்கட் விறைத்ததும் ஓரத்தில் ஆவி போகுமே, அதேபோல இங்கே ஆயில் வழியும்.

புதுசு போடும்முன் பழைய துணுக்குகளை முழுக்கச் சுரண்டி எடுங்கள் (எஞ்சினுக்குள் விழாமல்!). கவரைக் கண்ணாடிமேல் கவிழ்த்து விளிம்பு நேராக இருக்கிறதா பாருங்கள். வளைந்திருந்தால் மெல்லத் தட்டி நிமிர்த்தலாம். நட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷையும் மாற்றுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, புது கேஸ்கட்டும் கசியும்.

நட்டை இன்னும் இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். தகரம் வளைந்து கசிவு கூடத்தான் செய்யும்.