நட்சத்திரக் குறியை நம்பலாமா?

வணக்கம். எங்கள் நெட்வொர்க் பிரிண்டர் வேறொரு கட்டடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகச் சர்வருக்குள் போய், அச்சு அமைப்புகளை மாற்றும் எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையில் ஏ4 தாள், இருபக்க அச்சு என்று அமைத்தேன். எனக்குச் சரியாக வருகிறது. அதே சர்வரில் லாகின் செய்து அச்சிடும் மற்றவர்களுக்கு இன்னும் ஒருபக்கம்தான். அமைப்புகளின் பட்டியலைப் பார்த்தால், இப்போதைய தேர்வைக் காட்டும் நட்சத்திரக் குறி ஏ4 அருகில் இருக்கிறது. பிரிண்டரை மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம், பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. கப்ஸ் என்ற அச்சு மென்பொருளில் சாதாரணப் பயனராக எல்பிஆப்ஷன்ஸ் ஓட்டினால், அது உங்கள் ஹோம் டைரக்டரியில் உள்ள ஒரு சின்னக் கோப்பில்தான் எழுதும். அந்தக் கோப்பு உங்களுக்கு மட்டும். அந்த நட்சத்திரமும் உங்கள் கோப்பைச் சேர்த்துப் பார்த்துப் போடப்பட்டதுதான். நானும் ஒருமுறை இதே குறியை நம்பி அரைநாளைத் தொலைத்திருக்கிறேன். அதனால் உங்கள் குழப்பம் நன்றாகவே புரிகிறது.

முதலில் எல்பிஆப்ஷன்ஸ், ஹைபன் எக்ஸ், பிரிண்டரின் பெயர் என்று கொடுத்து உங்கள் சொந்த அமைப்பை அழித்துவிடுங்கள். இப்போது ஹைபன் பி, பிரிண்டரின் பெயர், ஹைபன் எல் போட்டுப் பட்டியலைப் பாருங்கள். நட்சத்திரம் இடம் மாறியிருக்கும். மற்றவர்களுக்கு இருப்பது அதுதான். பிறகு, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு, எல்லோருக்குமான அமைப்பை மாற்றும் எல்பிஅட்மின் கட்டளையைக் கொடுங்கள்: எல்பிஅட்மின், ஹைபன் பி, பிரிண்டரின் பெயர், ஹைபன் ஓ, பேஜ்சைஸ் சமம் ஏ4. இன்னொரு ஹைபன் ஓ போட்டு, டூப்ளெக்ஸ் சமம் டூப்ளெக்ஸ்நோடம்பிள் என்று இருபக்க அச்சையும் சேர்த்துவிடுங்கள். பெயர்களைப் பட்டியலில் உள்ள எழுத்து மாறாமல் எடுங்கள். டூப்ளெக்ஸ்நோடம்பிள் என்பது நீள விளிம்பில் புரட்டுவது. நடுவில் நோ இல்லாத டூப்ளெக்ஸ்டம்பிளைத் தேர்ந்தால், புத்தகம்போலப் புரட்டும்போது பின்பக்கம் தலைகீழாக வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தூரத்திலிருந்து வேலை பார்ப்பவருக்கு இது முக்கியம். பிரிண்டரின் ஐபி முகவரியை மட்டும் டெல்நெட் என்ற பழைய தொலை இணைப்பில் நுழைந்து மாற்றாதீர்கள். டெல்நெட்டில் பாஸ்வேர்டு மறையாக்கம் இல்லாமல் அப்படியே போகும். ஓர் எண் பிசகினால் இணைப்பும் அறுந்துவிடும். அப்புறம் யாராவது அந்தக் கட்டடத்துக்கு நடந்துபோய் பிரிண்டரின் பேனலில் கைவைத்தாக வேண்டும். பிரிண்டரை, ஐபி முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபியிலேயே விட்டுவிட்டு, டிஎச்சிபி சர்வரில் அதன் மேக் முகவரிக்கு, அதாவது அதன் நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணுக்கு, ஒரு ஐபியை ஒதுக்கிவையுங்கள். ஐபி மாறினால் எல்பிஅட்மினில் ஹைபன் வி கொடுத்துப் புது முகவரியைப் பதிய மறக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் வேறொருவர் கணக்கிலிருந்து இரண்டு பக்கம் அச்சிடச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து வேண்டாம்.