கடலை வாசத்தோட பழ பான்கேக் வீட்லயே செய்ய முடியுமா? கடைல விக்கிற பீநட் பட்டர் கட்டாயம் வேணுமா?

முடியும், பாட்டில் பட்டர் வேணாம். நான் அதை நம்பி ஒரு தடவை நல்லா பட்டுட்டேன். பொண்ணு கேட்டாளேன்னு அரை கப் பட்டரை அப்படியே மாவுல போட்டு கலக்கி ஊத்துனேன், வெளிய கருகிருச்சு உள்ள வேகவே இல்ல, வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு "என்னம்மா இது, களியா?"ன்னார். கடலைல 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 49 கிராம் கொழுப்பு, பாதிக்கு பாதி எண்ணெய்தான், அதை அவ்ளோ கொட்டுனா மாவு எங்க எழும்பும், கனத்து படுத்துக்கும். இவ்ளோ போட்டும் வாசம் வந்துச்சான்னா அதுவும் இல்ல, சர்க்கரைதான் தெரிஞ்சுது.

வாசம் வறுக்கறதுலதான் இருக்கு. எனக்கு திண்டிவனம் பக்கம், வேர்க்கடலைய நாங்க மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம், அம்மா அடி கனமான சட்டில சின்ன தீயில வச்சு கிட்டயே நின்னு கிண்டுவாங்க. பத்து பன்னண்டு நிமிஷம் ஆகும். தோல் வெடிச்சு, தேய்ச்சா தானா உரியணும், பருப்பு லேசா பொன்னிறமா இருக்கும்போதே அடுப்ப அணைச்சிடுங்க ஏன்னா சட்டி சூட்டுலயே இன்னும் கொஞ்சம் வறுபடும். பூஞ்சை புடிச்சது, சுருங்கி கருத்தது எல்லாத்தையும் வறுக்கறதுக்கு முன்னாடியே பொறுக்கி போட்டுடணும், ஒரே ஒரு கசப்பு பருப்பு போதும் மொத்தமும் போயிடும். அதுவும் இல்லாம பூஞ்சை கடலை உடம்புக்கு கெடுதல்.

நல்லா ஆறுனப்புறம்தான் மிக்ஸி. சூட்டோட அரைச்சா பொடியாகாம ஜார்ல அப்பிக்கும். விட்டு விட்டு ரெண்டு மூணு சுத்து, ரவை பதத்துல கால் கப் பொடி எடுத்து வச்சுக்கோங்க. மிச்சத்தை அப்படியே ஓட விட்டா முதல்ல ஓரத்துல போய் ஒட்டும், "வீணா போச்சு"ன்னு தோணும், விடாதீங்க, வழிச்சு விட்டு வழிச்சு விட்டு நடுவுல மிக்ஸிக்கும் ரெஸ்ட் குடுத்து அரைங்க, திடீர்னு எண்ணெய் விட்டு விழுதா ஆயிடும். ஒரு சொட்டு தண்ணி கூட ஊத்தக்கூடாது. அதுதான் பீநட் பட்டர், வேற ஒண்ணும் மாயம் இல்ல.

மாவுக்கு: கோதுமை மாவு 1 கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, நாட்டு சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், எடுத்து வச்ச அந்த கடலைப் பொடி. இன்னொரு கிண்ணத்துல 1 டேபிள்ஸ்பூன் விழுதை கொஞ்சம் வெதுவெதுப்பான பால் விட்டு கரைச்சுக்கோங்க, ஜில்லு பால்ல போட்டா கட்டி கட்டியா மிதக்கும். அதுல நல்லா கனிஞ்ச ஏலக்கி வாழைப்பழம் ரெண்டு மசிச்சு, 1 முட்டை அடிச்சு ஊத்தி, மொத்தமா முக்கால் கப் பால் வர்ற மாதிரி. முட்டை வேணாம்னா கால் கப் தயிரும் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும், பாலை கொஞ்சம் குறைச்சுக்கோங்க. சோடா கூடுச்சுன்னா சோப்பு வாடை வரும், அதனால சிட்டிகைன்னா சிட்டிகைதான்.

ரெண்டையும் சேத்து கரண்டியால பத்து பதினஞ்சு சுத்து, போதும்! தோசை மாவு மாதிரி வழவழன்னு வர்ற வரைக்கும் அடிச்சா ரப்பர் மாதிரி ஆயிடும், அங்கங்க சின்ன கட்டி இருந்தா இருக்கட்டும். பத்து நிமிஷம் மூடி வைங்க, ஊறுனதும் ரொம்ப கெட்டியாச்சுன்னா ஒரு கரண்டி பால்.

பழம்னு பாத்தா வாழைப்பழத்துக்கும் கடலைக்கும்தான் பொருத்தம். தோல் கருத்துப் போச்சுன்னு யாரும் தொடாத பழம்தான் இதுக்கு பெஸ்ட். ஆப்பிள்னா துருவி பிழிஞ்சிட்டு போடுங்க. மாம்பழம் சீசன்ல சின்ன துண்டா மேல தூவலாம். பச்சை அன்னாசி மட்டும் பாலோட சேக்காதீங்க, கசந்துடும். தர்பூசணி கேக்கவே வேணாம், தண்ணி.

கல்லு மிதமா காஞ்சதும் வெண்ணெய் தடவி சின்ன கரண்டி மாவு ஊத்துங்க, தேய்க்க கூடாது (தோசை ஊத்தி ஊத்தி நம்ம கை தானா சுத்தும், அடக்கிக்கணும்). தீ சிம்ல. கடலையும் பழமும் இருக்கறதால சீக்கிரம் சிவந்துடும், அவசரப்பட்டா என் களி கதைதான். மேல ஓட்டை ஓட்டையா வந்து ஓரம் ஈரம் காஞ்சா திருப்புங்க. முதல் ஒண்ணு சரியா வராது, அது சமைக்கறவங்க பங்கு. இந்த அளவுக்கு ஏழெட்டு வரும்.

மேல ஊத்த மேப்பிள் சிரப்லாம் தேடாதீங்க, வெல்லப்பாகுல ஒரு ஸ்பூன் கடலை விழுதும் துளி உப்பும் கலந்தா போதும், எனக்கு பான்கேக்க விட அதுதான் புடிக்கும். பக்கத்து வீட்டு புள்ளைங்களுக்கு குடுக்கறதா இருந்தா கடலை அலர்ஜி இருக்கான்னு கேட்டுட்டு குடுங்க.

மிஞ்சுன மாவை ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் ஊத்தலாம்னு பாக்காதீங்க, பேக்கிங் பவுடர் வேலை முடிஞ்சு தட்டையா வரும். எல்லாத்தையும் அன்னைக்கே சுட்டு வச்சுட்டா காலைல கல்லுல லேசா சூடு காட்டி டிபன் பாக்ஸ்ல போட்டு விட்டுடலாம்.